கடலோரத்தில் பழைய காருக்கு ஒடுக்கு எடுத்தல்: முதல்முறை செய்வோருக்கு

இராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம் தொடங்கி வடக்கே தொண்டி வரையிலும் தெற்கே கீழக்கரை, ஏர்வாடி வரையிலும், ஓர் அம்பாசிடரையோ பிரீமியர் பத்மினியையோ இன்னும் ஓடும் நிலையில் வைத்திருப்பவர்கள் ஒரே வகைக் குறையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மட்கார்டில் விழுந்த ஒடுக்கைப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தார்கள். பெயிண்ட் கண்ணாடிபோல் மின்னியது. அடுத்த வாடைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் கொப்புளம் கிளம்பியது. அதைக் குத்திப் பார்த்தபோது பட்டி ஓடாகவும் துரு பொடியாகவும் தனித்தனியே உதிர்ந்தன. பெயிண்டின் தரத்தைக் குறைசொல்வது எளிது. ஆனால் பெரும்பாலும் நடந்தது இதுதான்: தகட்டைத் தூக்காமல் பள்ளத்தைப் பட்டியால் நிரப்பியிருப்பார்கள்; அதற்கு முன் தகட்டில் ஒட்டியிருந்த உப்பை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள்.

பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுப்பவரை வேலைசெய்யும்போது கவனித்தவர்களுக்கு இந்த வேலையின் அடிப்படை ஏற்கெனவே தெரியும். அவர் குடத்தில் எதையும் பூசுவதில்லை. உள்ளே ஒரு தாங்கலைக் கொடுத்து, வெளியே மெல்லத் தட்டி, உலோகத்தை அது முன்பு இருந்த இடத்துக்கே திருப்பி அனுப்புகிறார். கார்த் தகட்டிலும் அதையேதான் செய்ய வேண்டும். கூடுதலாக நம் பக்கத்தில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு: திறந்த இரும்பை அன்றைய பொழுது சாய்வதற்குள் மூடிவிட வேண்டும். கீழே நான் சொல்பவை அனைத்தும் உள்ளங்கை அகலமுள்ள, கிழிசல் இல்லாத, பின்புறம் கை எட்டக்கூடிய ஓர் ஒடுக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

எந்தத் தகட்டில் தொடங்கலாம்

அம்பாசிடரின் முன் மட்கார்டு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது. கழற்றிப் பலகையில் வைத்து வேலை செய்யலாம் என்பதால் கற்றுக்கொள்வதற்கு அதைவிட நல்ல தகடு இல்லை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இன்னும் கொடுத்துவைத்தவர்கள். அதன் பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே மூடியாக முன்பக்கம் கவிழ்ந்து திறப்பதால் உட்புறம் முழுவதும் கைக்கு வந்துவிடும். கதவு இரண்டாம் பாடம். மேற்கூரை, கதவுகளுக்கு இடையிலுள்ள தூண்கள், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற பகுதி ஆகியவற்றைப் புதியவர்கள் தொடவே கூடாது. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனியான சேஸிஸ் கிடையாது. உடலே சுமை தாங்குகிறது. அந்த இடங்களில் ஏற்பட்ட நெளிவு அழகைப் பற்றிய விஷயமன்று, பயணிப்பவரின் உயிரைப் பற்றியது.

அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. எனவே கையில் இருக்கும் தகட்டை, அது எவ்வளவு நெளிந்திருந்தாலும், எடைக்குப் போடுவதற்கு முன் பலமுறை யோசிப்பது நல்லது. பழைய தகடு ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட மென்னிரும்பு. இன்றைய கார்களின் மெல்லிய, உறுதியேற்றிய தகட்டைவிடச் சுத்தியலுக்கு நன்றாக இணங்கி வரும். அந்தப் பொறுமை அதற்கு உண்டு.

உப்பும் தண்ணீரும்

இந்தப் பகுதியை நீளமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மற்ற ஊர்களுக்காக எழுதப்பட்ட குறிப்புகளில் இது இருக்காது. நமக்கோ இதுதான் முதல் படி.

சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் போலவே தகட்டில் படிந்த உப்பும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரைகிறது. வெறும் சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தொட்டால்தான் இப்படிக் கரையும்; ஆனால் கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே ஈரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் நம் கடற்கரையில் உப்புப் படிந்த இரும்பு, கண்ணுக்குக் காய்ந்ததுபோல் தெரியும் நேரத்திலும் உண்மையில் நனைந்தே இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இருபுறமும் கடலிருப்பதால், வாடை வீசினாலும் தெற்கிலிருந்து சோழகம் வீசினாலும் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் உப்பு வந்துகொண்டே இருக்கும். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தை ஓயாமல் சுரண்டிப் பெயிண்ட் அடித்துப் பராமரிக்க வேண்டியிருந்ததும் இதே காற்றால்தான். 2017இல் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்ட பிறகு பழைய காரை அங்கே ஓட்டிச் சென்று படமெடுப்பது வழக்கமாகிவிட்டது. அங்கிருந்து திரும்பிய காரின் மட்கார்டு உள்மடிப்பில் விரலை விட்டால் ஈர மணல் ஒரு பிடி வரும்.

ஆகவே எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன், தகட்டின் இருபுறத்தையும், குறிப்பாக மடிப்புகளையும் ஹெட்லைட் கிண்ணத்தின் பின்புறத்தையும், நல்ல தண்ணீரால் இரண்டு முறை கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்றால் காவிரிக் குடிநீர் அல்லது பிடித்துவைத்த மழைநீர். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு; அதனால் கழுவுவது உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசுவதாகும். ஐயமிருந்தால் ஒரு கண்ணாடித் துண்டில் நாலைந்து சொட்டு விட்டு வெயிலில் காயவையுங்கள். வெள்ளைத் திட்டு படிந்தால் அந்தத் தண்ணீரைத் தகட்டுக்கு அருகில் கொண்டுவர வேண்டாம்.

என் முதல் மட்கார்டில் இதைப் பணம் கொடுத்துத்தான் கற்றேன். மாலை 5 மணிக்குள் பெயிண்டைச் சுரண்டி, தகட்டை வெள்ளிபோல் தேய்த்துவிட்டு, பிரைமரை மறுநாள் அடிக்கலாம் என்று ஒரு வேட்டியால் மூடிவைத்தேன். விடிந்து பார்த்தபோது தகடு முழுவதும் மஞ்சள்தூளைச் சலித்துத் தூவியதுபோல் இருந்தது. வேட்டியின் மடிப்பு பட்ட இடங்களில் மட்டும் கோடு கோடாகச் செம்பழுப்பு. அதை மீண்டும் தேய்த்தெடுக்க ஒரு முழு நாள் ஆனது.

மாசி, பங்குனி மாதங்களில், காற்று அடங்கிய நாட்களில் இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது. அதிகாலையில் தகட்டில் பனி கோத்திருக்கும். தொட்டால் இளஞ்சூடாகத் தெரியும் வரை, அதாவது ஏறக்குறைய 9 மணி வரை, பெயிண்டைச் சுரண்டத் தொடங்க வேண்டாம்.

கழற்றுதல்

பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள். ஹெட்லைட், பட்டைகள், ரப்பர்கள் எல்லாவற்றையும் கழற்றி, எந்தத் திருகு எந்த இடத்துக்கு என்று குறித்துச் சிறு டப்பாக்களில் போட்டுவையுங்கள். கடலோரக் கார்களின் மட்கார்டு போல்ட்டுகள் இறுகிப்போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை இரண்டு இரவு தொடர்ந்து விட்டு, போல்ட்டின் தலையில் மெல்லத் தட்டி, பிறகு ஸ்பேனரைப் போடுங்கள். அவசரப்பட்டால் தலை முறிந்து, துளையிட்டு எடுக்க வேண்டிவரும்.

மட்கார்டின் உட்புறத்தில் தாரைப் போன்ற கறுப்புப் பூச்சு இருந்தால், ஒடுக்கு உள்ள இடத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை உள்ளே வைக்கும் இரும்பு தகட்டில் நேராகப் படியாது. அதன் மேல் சூடு காட்டினால் தீப்பிடிக்கும். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசு கிளப்புவதைவிடப் பெயிண்ட் நீக்கும் ரசாயனத்தைத் தடவிச் சுரண்டுவதே நல்லது. எதைச் செய்தாலும் மூக்குக்கு முறையான முகக்கவசம் வேண்டும், துண்டைக் கட்டிக்கொள்வது போதாது.

இந்தக் கட்டத்தில் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்திப் பாருங்கள். சில இடங்களில் அது ஒட்டாமல் வழுக்கினால் அங்கே ஏற்கெனவே யாரோ பட்டியைக் கனமாக அப்பியிருக்கிறார்கள். அதை முழுவதும் எடுத்தாக வேண்டும். நீங்கள் எடுக்க வந்த ஒடுக்கைவிடப் பெரிய ஒடுக்கு அதற்கடியில் காத்திருந்தால் மனம் தளர வேண்டாம். பாதிப் பழைய கார்களில் அப்படித்தான்.

கருவிகள்

கடையில் கிடைக்கும் பெட்டி நிறையக் கருவிகள் தேவையில்லை. தகட்டுச் சுத்தியல் ஒன்று, முகம் சற்றே குவிந்து, கண்ணாடிபோல் மெருகேறி இருக்க வேண்டும். அதில் சிறு கீறல் இருந்தாலும் ஒவ்வொரு தட்டுக்கும் தகட்டில் அந்தக் கீறல் பதியும். ஆணி அடித்த சுத்தியலை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். உள்ளே பிடிப்பதற்கு டாலி என்று டிங்கர்கள் சொல்லும் கைக்கடக்கமான இரும்புத் துண்டு வேண்டும். தண்டவாளத் துண்டை வெட்டி, விளிம்புகளை உருட்டி, மெருகேற்றி வைத்திருப்பவர்கள் உண்டு. அது விலைகொடுத்து வாங்கும் டாலிக்குச் சற்றும் குறைந்ததன்று. டாலியின் வளைவு தகட்டின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டையான டாலியின் ஓரம் வளைந்த தகட்டில் பிறைபோல் தழும்பு போடும்.

இவற்றுடன் ஓர் ஊசிமுகச் சுத்தியல், ஒரு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), ஒரு தகட்டு அரம், சாக்கட்டி, உப்புத்தாள், காதடைப்பான், ஒரு மணல் மூட்டை. மூட்டையைத் தடித்த பாய்த்துணியில் தைத்து ஆற்று மணலை நிரப்புங்கள். கடல் மணல் கைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது என்று அதை நிரப்பினால், மூட்டை மேல் வைத்த தகடு ஒவ்வொரு நாளும் உப்பு வாங்கும்.

ஒடுக்கைப் படித்தல்

அவசரக்காரர்கள் தவறு செய்வது இங்கேதான். ஒடுக்கின் ஆழமான இடத்தைப் பார்த்ததும் உள்ளிருந்து அங்கேயே ஓங்கி அடிக்கத் தோன்றும். அப்படி அடித்தால் நடுவில் ஒரு முகடு எழும்பி, சுற்றிலும் பள்ளம் அப்படியே நின்றுவிடும். அதன்பின் அந்தத் தகட்டைச் சரிசெய்வது மும்மடங்கு வேலை.

தகடு மோதலில் எப்படி மடங்கியது என்று முதலில் யோசியுங்கள். இடித்த பொருள் பட்ட இடத்தில் பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளம் பரவிச் சென்று நிற்கும் எல்லையில் ஒரு மடிப்பு, ஒரு கரைபோல எழும்புகிறது. அந்தக் கரைதான் கூர்மையாக மடங்கியதால் இறுகிப்போய்ப் பள்ளத்தைப் பூட்டிவைத்திருக்கிறது. நடுவிலுள்ள அகன்ற பகுதி பெரும்பாலும் கெடவேயில்லை; பூட்டைத் திறந்தால் தானே மேலெழப் பார்க்கும். எனவே எந்த வரிசையில் ஒடுக்கு விழுந்ததோ அதற்கு நேர் எதிர் வரிசையில் எடுக்க வேண்டும்: கடைசியில் உண்டான கரையை முதலில் தளர்த்தி, முதலில் இடிபட்ட புள்ளியைக் கடைசியில் தொட வேண்டும்.

கண்ணைவிடக் கை இதில் நம்பகமானது. மெல்லிய பருத்தித் துணியை விரித்து, உள்ளங்கையை முழுவதும் படியவைத்து, விரல் நுனியால் அழுத்தாமல், நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். கெடாத பகுதியில் தொடங்கி ஒடுக்கைக் கடந்து மறுபுறம் கெடாத பகுதியில் முடிக்க வேண்டும். மேட்டை வட்டமாகவும் பள்ளத்தைப் பெருக்கல் குறியாகவும் சாக்கட்டியால் குறியுங்கள். மறுபக்கத்து மட்கார்டு நன்றாக இருந்தால் அதையும் தடவிப் பார்த்து வடிவத்தைக் கையில் ஏற்றிக்கொள்ளுங்கள். பெயிண்ட் இருக்கும் நிலையிலேயே ஒரு டியூப்லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தால், அதன் பிம்பம் எங்கே வளைகிறது, எங்கே அறுபடுகிறது என்பதிலிருந்து ஒடுக்கு உண்மையில் எதுவரை போயிருக்கிறது என்று தெரியும். நீங்கள் நினைத்ததைவிட இருமடங்கு தூரம் போயிருக்கும்.

தட்டுதல்

தகட்டை மணல் மூட்டையின் மேல் வையுங்கள், அல்லது காரிலேயே வைத்து ஒருவரைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். டாலியை உள்ளே கொண்டுபோய்ப் பள்ளத்தின் ஓரத்தில், கரைக்குச் சற்று உள்ளே, மேல்நோக்கி அழுத்திப் பிடியுங்கள். வெளியே சுத்தியல் விழ வேண்டியது டாலிக்கு நேர் மேலே அன்று, பக்கத்திலுள்ள கரையின் மேல். கரை ஒவ்வொரு தட்டுக்கும் தணிய, உள்ளே அழுத்தம் பெற்ற பள்ளம் அதே நேரத்தில் எழும்பும். கரையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை சிறு சிறு தட்டாகப் போய், திரும்பி வாருங்கள். ஒரே இடத்தில் நின்று தட்டாதீர்கள்.

சுத்தியலை இறுகப் பிடிக்க வேண்டாம். கட்டைவிரலும் இரு விரல்களும் அதைத் தளர்வாகத் தாங்க, மணிக்கட்டு மட்டும் அசைய, தட்டிய வேகத்தில் சுத்தியல் தானே எழும்பி வர வேண்டும். தோள் வலித்தால் நீங்கள் அடிக்கிறீர்கள் என்று பொருள். இராமநாதபுரத்தில் எனக்கு இதைக் காட்டித்தந்த முதிய டிங்கர் ஒருவர் நான் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, கண்ண அங்கிட்டு வச்சிட்டு காத வச்சுத் தட்டுங்க.” சுத்தியலுக்கும் டாலிக்கும் நடுவே தகடு நேராக மாட்டினால் ‘ணங்’ என்று மணியடித்தாற்போல் கேட்கும், விலகி விழுந்தால் ‘டப்’ என்று மங்கலாகக் கேட்கும். ஒடுக்கைத் தூக்கும் கட்டத்தில் உங்களுக்கு வேண்டியது அந்த மங்கல் ஓசைதான். ‘ணங்’ என்று கேட்கும் ஒவ்வொரு தட்டும் தகட்டை நசுக்கி, மெலிதாக்கி, பரப்பை விரிக்கிறது. கடைசியில் சின்னச் சின்ன அலைகளை மட்டப்படுத்த மட்டுமே, அதுவும் மிக மெல்ல, நேர்த்தட்டு தட்டலாம்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் துணியால் தடவிப் பாருங்கள். குறிகளை அழித்துப் புதிதாகப் போடுங்கள். கரை முழுவதும் தளர்ந்ததும், பல நேரங்களில் நடுப்பள்ளம் உள்ளிருந்து கொட்டாப்புளியால் ஓரிரு முறை தட்டியவுடன் ‘பொக்’ என்று மேலே வந்துவிடும். அந்த ஓசைக்காகத்தான் இந்த வேலையைச் செய்கிறோம் என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு.

பிறகு தகட்டு அரத்தைச் சாய்வாகப் பிடித்து மெல்ல இழுங்கள். இரும்பைக் குறைப்பதற்காக அன்று. மேடு எங்கே பளபளக்கிறது, பள்ளம் எங்கே கறுப்பாகவே விடுபட்டிருக்கிறது என்று காட்டுவதற்காக. 0.9 மில்லிமீட்டரில் அரத்தால் தேய்த்துக் குறைக்க உங்களுக்கு இடமே இல்லை. விடுபட்ட பள்ளங்களை உள்ளிருந்து ஊசிமுகச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தூக்குங்கள்.

விரிந்த தகடு

வடிவம் சரியாக வந்தும், கட்டைவிரலால் அழுத்தினால் எண்ணெய் டப்பாவின் அடிபோல் உள்ளே போய் வெளியே வந்தால், தகடு விரிந்திருக்கிறது. இதற்குச் சுத்தியல் மருந்தன்று. தட்டத் தட்ட இன்னும் விரியும். விரிந்த மேட்டின் உச்சியில், சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு புள்ளியைக் கேஸ் டார்ச்சால் செஞ்சிவப்பு வரும் வரை சூடாக்க வேண்டும். சூடான புள்ளி விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு இடம்கொடுக்காததால் அது தடிக்கும். அந்தச் சிவப்பு மறைவதற்குள் டாலியைத் தாங்கலாகக் கொடுத்து, மேட்டைச் சுற்றியிருந்து நடு நோக்கி இரண்டு மூன்று தட்டு. பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றிக் குளிரவைத்தால் அந்த இடம் சுருங்கும். ஒரு புள்ளி முழுவதும் ஆறிய பின்னரே அடுத்தது. கதவின் தட்டையான நடுப்பகுதியில் இதை முதல்முறை செய்பவர் கட்டாயம் கெடுப்பார். எடைக்கு வாங்கிய ஒரு பழைய தகட்டில் பத்து முறை பழகிவிட்டு வாருங்கள், அல்லது இந்த ஒரு வேலையை மட்டும் டிங்கரிடம் கொடுத்துவிடுங்கள். பெட்ரோல் டாங்கிக்கு அருகே டார்ச்சைக் கொண்டுபோகவே வேண்டாம்.

துருவும் மூடலும்

தட்டும் வேலை பல நாள் நீடிக்கலாம். அந்த நாட்களில் மாலையில் தகட்டின் மேல் எண்ணெய் பூசி வைத்து, மறுநாள் துடைத்துவிட்டுத் தொடரலாம். ஆனால் கடைசி நாளன்று எல்லாவற்றையும் ஒரே பகலில் முடிக்க வேண்டும்.

அன்று காலை தின்னரால் எண்ணெயை முழுவதும் துடைத்தெடுத்து, துருக்குழிகள் உள்ள இடங்களில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைத் தடவி, அது காய்வதற்கு முன் நல்ல தண்ணீரால் கழுவி, உடனே துணியாலும் உலர்ந்த சூடான காற்றாலும் காயவையுங்கள். பிறகு ஒரு சோதனை: தெளிப்பானில் நல்ல தண்ணீரை ஊற்றிப் பனிபோல் தெளித்து அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். எந்தப் புள்ளிகள் முதலில் பழுக்கின்றனவோ அங்கே குழிக்குள் உப்பு இன்னும் இருக்கிறது. அந்த இடங்களை மட்டும் மீண்டும் தேய்த்துக் கழுவுங்கள். 80ஆம் எண் உப்புத்தாளால் முழுத் தகட்டையும் கீறிவிட்டு, தூசு துடைத்து, இரு பொருள் கலக்கும் எபாக்ஸி பிரைமரை, டப்பாவில் சொன்ன விகிதப்படி, இருபுறமும் அடித்துவிடுங்கள். நான் கடற்காற்று கிளம்பும் பிற்பகலுக்கு முன்பே இதை முடித்துக்கொள்கிறேன்.

பட்டி இதற்கு மேல்தான் வர வேண்டும். வெறும் இரும்பின் மேல் நேராகப் பட்டி பூசுவது பல பட்டறைகளின் வழக்கம். உலர்ந்த ஊர்களில் அது தாங்கலாம். பாலியெஸ்டர் பட்டியில் உள்ள மாக்கல் தூள் ஈரத்தை உறிஞ்சும். அதற்கும் இரும்புக்கும் நடுவே எபாக்ஸி இல்லையென்றால் அந்த ஈரம் நேரே தகட்டில் இறங்கும். பட்டியின் தடிமன் எந்த இடத்திலும் 2 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். தாண்டுகிறது என்றால் தட்டும் வேலை முடியவில்லை, திரும்பிப் போங்கள். பட்டியை உலர்ந்த நிலையிலேயே தேயுங்கள். தண்ணீர் விட்டுத் தேய்ப்பது மேல்பெயிண்டுக்கு ஆகும், பட்டிக்கு ஆகாது. தேய்த்து முடித்ததும் மீண்டும் ஒரு சுற்று எபாக்ஸி. இறுதிப் பெயிண்டை, குறிப்பாக இரு பொருள் கலக்கும் பாலியூரித்தேன் வகையை, அதற்குரிய காற்றுக்குழாய்க் கவசம் வைத்திருக்கும் பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள். அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு.

திரும்பப் பொருத்துவதற்கு முன் மட்கார்டின் உள்மடிப்புகளில் மெழுகுக் கலவையைத் தெளியுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை அது அடைத்துவிடாமல் ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் கிரீஸ் தடவி, எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இறுக்குங்கள். முதல் வாடை மழை முடிந்ததும் ஹெட்லைட்டைக் கழற்றி, பின்னாலுள்ள மடிப்பில் விரலைவிட்டுத் தடவிப் பாருங்கள். மணல் வந்தால் நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, அந்த இடத்தில் மட்டும் மெழுகை மறுபடியும் தெளித்துவிடுங்கள்.